ஓ நெகடிவ்

"பெரிய இடத்துச் சகவாசம் போதும், அக்கா"
என்கிறான் நிஃப்றாஸ்,
ஏறாவூரில், போன் திருத்தும் கடையின் உள்ளறையில்.
மேசைக்குக் கீழே, தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளோடு
சோற்றுச் சட்டியளவு ஒரு கறுப்புப் பெட்டி
உறுமிக்கொண்டு கிடக்கிறது.
அதுதான் சேர்வர்.
முகநூலை விட்டு நான் குடிபோக வேண்டிய ஊர்.
இப்போதைக்கு இருபத்திமூன்று பேர் இருக்கிறார்கள்.
கரண்ட் போனால் ஊர் அணையும்.

போன கிழமை என் பதிவைத் தூக்கிவிட்டார்கள்.
*இரத்தம் தேவை. அவசரம்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, பிரசவ வார்ட்.*
வன்முறையைத் தூண்டுகிறேனாம்.
யார் சொன்னது என்று போய்க் கேட்க
ஒரு கேற் இல்லை, கேற்றடியில் ஒரு வாச்சர் இல்லை.
மறுபரிசீலனைப் பொத்தானை அமத்தினேன்.
நன்றி என்று வந்தது.
மறுகா ஒன்றும் வரவில்லை.

அந்தப் பிள்ளைத்தாச்சி பிழைத்தாள்.
பல்லுக்கு மருந்தெடுக்க வந்த கிறிஸ்டி செல்லர்
வரிசையில் யாரோ கதைத்ததைக் கேட்டு
வாய் வீங்கியபடியே வந்து கையை நீட்டினார்.
இதை நம்பி ஒரு குழு நடத்த ஏலாது.

"ஒரு கடல் இல்ல அக்கா, கன குளம்.
ஒவ்வொண்டுக்கும் அதுட மதகு.
வாய்க்காலால ஒண்டுக்கொண்டு தண்ணி போகும்.
சரிவரல்லையா, மதகப் பூட்டுங்க."
உறுகாமத் தண்ணிக்காக
வருசா வருசம் கூட்டத்தில் கதிரை தூக்குகிறவர்
இவனுடைய வாப்பா.
மதகைப் பற்றி நான் என்ன சொல்ல.

எட்டு வருசம். பதினோராயிரம் பேர்.
வெள்ளம் றோட்டை மூடிய இரவில்
கிரானிலிருந்து உழவு மெசினில் வந்தவர்.
நோன்பு திறந்த கையோடு
பேரீச்சங்கொட்டையைக் கடைவாயில் ஒதுக்கியபடி
கட்டிலில் ஏறிப் படுத்த சம்ஹான்.
அதே இடத்தில், அதே பதிவின் கீழே,
"எங்கட ஆளுக்கா, அவங்கட ஆளுக்கா ரெத்தம்?"
என்று கேட்டவனும் இருக்கிறான்.
முந்நூற்று நாற்பது விருப்பம் அதற்கு.
அதை யாரும் தூக்கவில்லை.

சரி, போவம் என்று
என் தரவுகளைத் தரும்படி விண்ணப்பித்தேன்.
இரண்டு நாளில் பொதி வந்தது.
எட்டு வருசம் நான் கேட்டதெல்லாம்
ஒரு வரி தப்பாமல்:
தேவை, தேவை, அவசரம், தேவை.
கீழே வந்தவர்கள் இல்லை.
"எந்த வார்ட்?" இல்லை.
"வெளிக்கிட்டுட்டன்" இல்லை.
"கல்லடிப் பாலத்தில நிக்கிறன், அஞ்சு நிமிசம்" இல்லை.
அவரவர் சொல் அவரவருக்கே சொந்தமாம்.
நியாயம்தான்,
குறை சொல்ல இடமில்லாத நியாயம்.
ஊரைக் கேட்டேன்,
என் தொண்டையை மட்டும் மடித்துத் தந்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து ஒரு சிஆர் கொப்பி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொருவராக உள்பெட்டியில் இலக்கம் கேட்கிறேன்.
"கணக்கைக் களவெடுத்திட்டாங்களா அக்கா?"
என்று பயந்து விலகியவர்கள் ஒன்பது பேர்.
எழுதித் தந்தவர்கள் நாற்பத்தொன்று.

இன்று பின்னேரம் இரத்த வங்கியிலிருந்து மறுபடி அழைப்பு.
நிஃப்றாஸின் ஊரில்தான் முதலில் எழுதினேன்.
பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு பதில்,
வேறு ஏதோ குளத்திலிருந்து, பெயர் வாலாட்டி:
"நானும் ஓ நெகடிவ்தான். ஆனா பேர்கனில இருக்கிறன்.
இஞ்ச பனி. பகிர்ந்திருக்கிறன்."
எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் கண்ணும் கலங்கியது.

பிறகு பெரிய இடத்திலும் போட்டேன்,
இரத்தம் என்ற சொல்லை
இர.த்.தம் என்று துண்டாக்கி,
சோதனைச் சாவடியில் சாமான் ஒளிக்கிறவள் மாதிரி.

ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று.
பெட்டி உறுமலை நிறுத்தியது.
நிஃப்றாஸ் இருட்டில் பற்றரியை இழுக்கிறான்,
கால் விரலை இடித்துக்கொண்டு ஏசுகிறான்.
என் போன் அடிக்கிறது. தெரியாத இலக்கம்.
"எந்த வார்ட்?"

எங்கே பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்து,
"பதினேழு" என்கிறேன்.
"உங்கட பேரென்ன?
நம்பரை ஒருக்கா ஆறுதலாச் சொல்லுங்க,
எழுதிறன்."